தவமணி ஐயா வர்ற வரைக்கும்

போலாம்ங்கற ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரந்தான் காலத்த ஓட்டறது. வீரலட்சுமிக்கு மூக்கு அரிச்சுச்சு. வலது கையால சொறியக் கூடாது, வலது கை இல்ல. மணிக்கட்டச் சுத்தி கனத்துக்கு மணல் அடச்ச பட்டி கட்டி மடில தூக்கிப் போட்டிருக்கு, யாரோ பஸ்ல மறந்து வச்சிட்டுப் போன பை மாதிரி கெடக்கு. இடது கையால சொறியலாம். ஆனா அதுதான் வீல்சேர் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டிருக்கு, விட்டா வலது பக்கமா சாயணும், ஏன்னா வலது பக்கத்த ஒங்கிட்டருந்து எடுத்தாச்சுன்னு பிசியோதெரபி சொல்லிக் குடுக்குற ஹசீனா மேடம் காலைலயே சொல்லிட்டாங்க. சொல்லிட்டு வலது கணுக்கால்லயும் ஒரு மணல் பட்டியக் கட்டி, இழுத்துப் பாத்து, இறுக்கமா இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு மேடம்னு சொல்ல வாயத் தொறந்தா ஒரு வெரல நீட்டி நிறுத்திட்டாங்க. போலாம், அதான் ஒனக்கு, வேற எதுவும் கெடையாது. தவமணி ஐயா வர்ற வரைக்கும் நீதான் தவமணி, அவருக்கு இருக்குறது மட்டுந்தான் ஒனக்கு இருக்கு, முடியலன்னா எந்திரிச்சுப் போயிரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா எந்திரிச்சன்னா அவர வேற ஆளு பாத்துக்கும். அவ்வளவுதான் சொன்னாங்க. சத்தம் போட்டுச் சொல்லிருந்தாலாவது பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். இந்தப் பொம்பள சத்தமே போடாது. அதான் வீராவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவர வேற ஆளு பாத்துக்குமாம்ல. எந்த ஆளு? கூடப் படிக்கிற ஜெயசீலனா? அவனுக்கு எது தொட எலும்பு எது தோள் எலும்புன்னே இன்னும் சந்தேகம். தவமணி ஐயா வந்தப்ப மூட்டையாட்டம் வந்தாரு, உக்கார வச்சா சரிவாரு, அவர உக்கார வச்சது யாரு, கட்டில் நுனில ஒக்காந்து தன் தோளக் குடுத்து நிமித்துனது யாரு, நடை பழகுற கம்பியப் புடிச்சு நிக்க வச்சது யாரு. இன்னைக்கு அவருக்கு இங்க கடைசி நாள். நாளைக்குக் கம்பம் ஊர்ல இருக்குற மகன் வீட்டுக்குப் போறாரு. இன்னைக்குத்தான் கம்பிய விட்டுட்டு மொத மொதல்ல தனியா நடக்கப் போறாரு, அப்ப பக்கத்துல நிக்கறது யாருங்கறதுதான் கேள்வி. நாந்தான். வேற யாரு. இதுக்காக ஒரு நாள் பூரா வேணும்னாலும் வாய மூடிக்கிட்டு இருப்பேன். மூக்கு அரிக்குது. போலாம்.

அந்த வார்த்தையே அவளுக்கு ஆகாது. சின்னப் புள்ளைலருந்து ஆகாது. பள்ளிக்கூடம் போறப்ப பஸ்ஸு அவ ஊரு விலக்குல நிக்காது, தள்ளிக் கொண்டுபோயி நிப்பாட்டுவாய்ங்க, இலவச பாஸ் பிள்ளைங்க எல்லாம் பையத் தூக்கிக்கிட்டு ஓடி வரும், கிட்டக்க வந்து படில கால வைக்கப் போறப்ப உள்ளருந்து ஒரு கொரல் வரும், போலாம் ரைட்டுன்னு. பஸ்ஸு போயிரும். டீசல் பொக மூஞ்சில அடிக்கும். அந்தப் பொகைக்குள்ள நின்னுக்கிட்டுத்தான் அவ திட்டக் கத்துக்கிட்டா. ஒரு நாள் ஓடிப்போயி ஏறி கண்டக்டருட்ட நேராவே கேட்டா, ஏன்யா, ஒங்க வீட்டுப் புள்ள ஓடி வந்தாலும் இப்படித்தான் விசிலடிப்பியளான்னு. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அன்னைலருந்து கண்டக்டருன்னாலே ஒரு காய்ச்சல் அவளுக்கு. அப்படி இருக்கயில இந்த ஆசுபத்திரில போஸ்டிங் போட்டு, மொத நாளு மொத கேஸா மேடம் ஒரு ரிட்டயர்டு கண்டக்டரத் தூக்கிக் குடுக்குறாங்க. பக்கவாதம், வலது பக்கம் விழுந்துருச்சு, பேச்சு போயிருச்சு, மிச்சம் இருக்குறது ஒரே வார்த்தை. பேரு என்னய்யான்னா போலாம். வலிக்குதான்னா போலாம். தண்ணி வேணுமான்னா போலாம், போலாம். வீராவுக்குச் சிரிப்பு வந்துச்சு, கோவமும் வந்துச்சு. மேடந்தான் சொன்னாங்க, மூளைல பேச்சு இருந்த எடம் அடிபட்டாலும், ஆயிசு பூரா சொல்லிச் சொல்லி ஊறிப்போன வார்த்தை ஒண்ணு ரெண்டு தங்கிரும், அது அவரு சொல்றது இல்ல, அதுவா வெளிய வர்றது, அதனால அவரு சொல்றதக் கேக்காத, அவரப் பாரு. பரீட்சைல கேட்டா எழுதிருவா வீரா, பத்து மார்க்குக்கு ரெண்டு பக்கம் எழுதிருவா. எழுதத் தெரிஞ்சு என்ன. அவரு காலப் புடிச்சு மடக்கி நீட்டறப்ப போலாம்னு சொல்லுவாரு, இவ எங்க போறதாம், மாட்டுத்தாவணிக்கா உசிலம்பட்டிக்கான்னு கேப்பா, அவரு சிரிப்பாரு, கோணச் சிரிப்பு, ஒரு பக்கம் மட்டும் ஏறும். அந்தச் சிரிப்புக்காகவே காலைல சீக்கிரம் வருவா. ஒரு கண்டக்டரு மேல பாசம் வரும்னு அவ நெனைக்கவே இல்ல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் போச்சு. நேத்து.

நேத்து என்ன ஆச்சுன்னு அவ ராத்திரி முழுக்க யோசிச்சுட்டா, இப்பவும் அதுதான் ஓடுது, ஓடி ஓடி அதே எடத்துல வந்து முட்டுது. வீல்சேர்லருந்து அவர எழுப்பணும். கிட்டக்க குனிஞ்சு, இடுப்புல கைய வச்சு, தயாரான்னு கேட்டா. போலாம்னாரு. சரி போலாம்னு தூக்கப் போறா, இந்த ஆளு இடது கைய நீட்டி இவ கோட்டுக் காலரக் கொத்தாப் புடிச்சுட்டாரு. புடின்னா சாதாப் புடி இல்ல, கழுத்து இறுகுது. போலாம் போலாம் போலாம்ங்கறாரு. அவசரம் போலன்னு இவ நெனச்சா. சுத்தி ஆளு, எல்லாரும் பாக்குறாய்ங்க, ஒரு கெழவன் ஒரு பொண்ணு சட்டையப் புடிச்சு இழுக்குறான். என்ன பண்ணச் சொல்றிய? வெரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டா. விட்டுட்டு, இது என்ன ஒங்க பஸ்ஸா ஐயா, இழுத்த இழுப்புக்கெல்லாம் வர்றதுக்குன்னா. எல்லாரும் சிரிச்சாய்ங்க. அவரு பொண்டாட்டி பூங்கோதையம்மா கூடச் சிரிச்சுச்சு. இவ தூக்கிட்டா. தூக்குனப்பறந்தான் தெரிஞ்சது, வலது காலு கால்பலகைல இருந்து நழுவி அதுக்குப் பின்னாடி மாட்டியிருந்துச்சுன்னு, கணுக்கால்ல தோலு உரிஞ்சு ரத்தம். அவருக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியும் கம்மி, அதனால கத்தல. இல்ல, கத்துனாரோ. போலாம்னுதான் சொன்னாரு. நான் என்ன ஜோசியக்காரியா? காலு மாட்டிருந்தா காலக் காட்ட வேண்டியதுதான, காலர ஏன் புடிக்கணும்? இந்த எடத்துல வந்துதான் முட்டும். காலர ஏன் புடிக்கணும். மேடம் வந்தாங்க, முட்டி போட்டு ஒக்காந்து காயத்தக் கழுவி மருந்து வச்சுக் கட்டுனாங்க, ஐயா, தப்பு எங்க மேலதான், மன்னிச்சுக்கங்கன்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. எங்க மேலன்னாங்க. இவ மேலன்னு சொல்லல. அது இன்னும் எரிஞ்சுச்சு வீராவுக்கு. இவளோட தப்ப அவுங்க ஏன் பங்கு போட்டுக்கணும்? பொறத்தால போயிச் சண்டைக்கே நின்னா, மேடம், அவருதான் காலரப் புடிச்சாரு, அதுல நான் கீழ குனிஞ்சு பாக்க முடியல, அப்படி இப்படின்னு. முழுசாக் கேட்டாங்க. முந்துன போஸ்டிங்ல ஒரு சார் இருந்தாரு, வாயத் தொறந்தாலே வெளிய போன்னுவாரு, வெளிய போயிப் போயி அந்த வராந்தாச் சொவத்துல எத்தன விரிசல்னு இவளுக்குத் தெரியும். இவுங்க கேட்டாங்க. கேட்டு முடிச்சுட்டு, ஏன் காலரப் புடிச்சாருன்னு ஒனக்குத் தெரியலல்லன்னாங்க. தெரியலன்னா. எனக்கும் சொல்லத் தெரியல, நாளைக்கு ஒக்காந்து பாருன்னாங்க. இதோ ஒக்காந்தாச்சு.

ஒக்காந்து பாத்தா என்ன தெரியுது? இடுப்பு தெரியுது. வர்றவன் போறவன் பெல்ட்டு, சேலைக் கொசுவம், கோட்டுப் பை, பைக்குள்ள பேனா கசிஞ்ச கறை. மூஞ்சிங்க எல்லாம் எங்கயோ மேல இருக்கு. பேச்செல்லாம் தலைக்கு மேல போகுது, கரண்டுக் கம்பி மாதிரி. எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு அம்மா நின்னு, ஜெயசீலன்ட்ட, இந்தப் பொண்ணுக்கு என்னப்பா, சின்ன வயசா இருக்குன்னு கேக்குது. எங்கிட்டக் கேளும்மா, நான் இங்கதான இருக்கேன். ஜெயசீலன், நாக்கு நீளம்னு கடவுளே கட் பண்ணிட்டாருக்கான்னு சொல்லிச் சிரிக்குறான். இருடா. இருடி மாப்ள. மணி ஆகட்டும், அவுத்து விடட்டும், அப்பறம் இருக்கு ஒனக்கு. போலாம்னா வீரா, பல்லக் கடிச்சுக்கிட்டு. அந்த அம்மா அய்யோ பாவம்னு தலையத் தடவிட்டுப் போயிருச்சு. தலையத் தடவுனது வேற. யாரக் கேட்டுத் தொடுறாங்க? தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும்ங்கறது மேடத்தோட மொத பாடம், இவுங்கெல்லாம் மேடத்தோட கிளாசுக்கு வந்தா நல்லா இருக்கும். அங்கிட்டு சன்னலோரக் கட்டில்ல மேடம் இருக்காங்க. ஒரு தச்சு வேலைக்காரரு, தோள் இறுகிப்போயிருக்கு, கையத் தூக்க விடாம மொறச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. வழக்கமா நின்ன வாக்குல பாத்திருக்கா வீரா, இப்பத்தான் ஒக்காந்த வாக்குல பாக்குறா, மேடத்தோட கைங்க கண்ணுக்கு நேரா வருது. என்ன கை. ரெண்டு உள்ளங்கையையும் தேச்சுச் சூடு பண்ணிக்கிட்டாங்க. தோளுக்குக் கீழ ஒரு கை, முழங்கைக்குக் கீழ ஒரு கை, ஆனா புடிக்கல, ஏந்தறாங்க, தண்ணி நெறஞ்ச பாத்திரத்த ஏந்துறாப்ல. அவரு மூச்ச விட்டா கொஞ்சம் ஏத்துறாங்க, மூச்ச இழுத்தா அப்படியே நிக்கறாங்க. அவரு மொகத்தத் தவிர வேற எங்கயும் பாக்கல. ஊருக்கதை பேசிக்கிட்டே, எந்த மரம் லேசு, எந்த மரம் முறுக்குன்னு அவருட்டயே கேட்டுக்கிட்டே, அந்தக் கை அவருக்கே தெரியாம காதுக்கு மேல போயிருச்சு. அவரு திரும்பித் தன் கையையே அதிசயமாப் பாக்குறாரு. மேடத்துக்கு வயசு ஒண்ணும் அதிகமில்ல, வீராவோட மூத்த அக்காவ விட ஒண்ணு ரெண்டு கூட இருக்கும், பாதி நாளு டிபன் டப்பாவ மறந்துட்டு வந்து கேண்டீன் பொங்கலத் திங்குற ஆளு, ஸ்கூட்டிய நேரா நிப்பாட்டத் தெரியாது. கை மட்டும் எங்கருந்து வந்துச்சு இப்படி? வெறுக்கணும்னு காலைலருந்து பாக்குறா. வெறுப்பு ஒரு பக்கம் ஏறுது, கண்ணு இந்தப் பக்கம் அந்தக் கையவே பாத்துக்கிட்டிருக்கு. எனக்கு வருமா அந்தக் கை? வராது. எனக்கு வாய்தான் வந்துச்சு. வீட்ல அம்மா சொல்லும், நர்ஸிங் சீட்டு கெடைக்காம இந்த பிசியோதெரபி அசிஸ்டன்ட் படிப்புக்குப் போற, வாயக் கட்டு, வாயக் கட்டுன்னு. சொந்தக்காரங்க அமுக்கி விடுற படிப்பான்னு கேப்பாய்ங்க. இல்ல மாமா, கழுத்தப் புடிக்கிற படிப்புன்னு சொல்லிருக்கா.

ஜெயசீலன் வந்துட்டான். வீல்சேர்லருந்து கட்டிலுக்கு மாத்தணும், அதான் இவனுக்குப் பயிற்சி. ஏய் வீரா, சாரி, தவமணி ஐயா, போலாமான்னு இளிக்குறான். போலாம்னா. வேற என்ன சொல்ல. கட்டிலுக்குப் பக்கவாட்டுல கொண்டுபோயி, இன்னும் கிட்டக்க, இன்னும் கிட்டக்கன்னு அணைக்குறான். நல்லாத்தான் பண்றான், பரவால்ல, இடது பக்கமாத்தான் நிப்பாட்டணும், வலது பக்கமா நிப்பாட்டுறான் மடப்பய, அடேய், நல்ல பக்கமா மாத்தணும்டான்னு உள்ளுக்குள்ள கத்துறா. கத்திக்கிட்டிருக்கயிலதான் மடில கெடந்த வலது கை மெல்ல வழுக்குது. மணல் பட்டி கனம். கைப்பிடிக்கு வெளிய போயி, வீல்சேர் சக்கரத்துக்கும் கட்டிலோட இரும்புக்கும் நடுவுல தொங்குது. இவன் பாக்கல. முன்னாடி வந்து குனிஞ்சு, இடுப்புக்குக் கைய விட்டு, வீல்சேரத் தொடையால கட்டிலுப் பக்கம் தள்ளுறான். இரும்பு கிட்ட வருது. வெரல் நுனில சில்லுன்னு படுது. எடுத்துரலாம். என் கைதான, செத்தா போச்சு, எடுத்துரலாம். எடுத்தா எந்திரிச்ச மாதிரிதான், தவமணி ஐயா இவன் கைக்குப் போயிருவாரு. சொல்லணும். டேய் கை. ரெண்டே வார்த்தை. அத மட்டும் விட்டு வச்சிருந்தா ஆகாதா. வாயத் தொறந்தா போலாம்னுதான் வருது. போலாம். ஆமா போறோம்ல, அப்படிங்கறான். போலாம், போலாம். இருடி, என்ன அவசரம்கறான். காட்டணும்னா இடது கையால வலது பக்கத்தக் காட்டணும், நடுவுல இவன் குனிஞ்சு நிக்குறான், இவன் தோளு அடச்சுக்கிட்டிருக்கு, இவன் மூஞ்சி எங்கயோ பின்னாடி கட்டிலப் பாத்துக்கிட்டிருக்கு. நெருங்குது இரும்பு. நிப்பாட்டணும் இவன, எப்படியாச்சும் நிப்பாட்டணும், இவன் மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா வரணும், வந்து என் கண்ணப் பாத்தாப் போதும், கண்ணு சொல்லிரும். கை தானா போச்சு. யோசிச்சுப் போகல. போயி அவன் காலரக் கொத்தாப் புடிச்சு மொகத்துக்கு நேரா இழுத்துச்சு. போலாம் போலாம் போலாம். ஜெயசீலன் சிரிச்சான். விளையாடாத வீரான்னு இவ வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தான்.

ஒவ்வொண்ணா. சுண்டு வெரலு மொதல்ல. அவளும் சுண்டு வெரல்லருந்துதான் ஆரம்பிச்சா நேத்து. அந்த வெரலு எப்படி இருந்துச்சுன்னு அவளுக்கு இப்ப ஞாபகம் வருது, டிக்கெட்டு கிழிச்சுக் கிழிச்சு நுனி தட்டையாப் போன வெரலு, மறுபடி மறுபடி திரும்பி வந்து புடிச்ச வெரலு. மூஞ்சி வேணும்னுதான் புடிச்சாரு. காலக் காட்ட முடியாது, அந்தக் காலு இருக்கான்னே அவருக்குத் தெரியாதே, ஏதோ தப்பு நடக்குதுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. அவருகிட்ட இருந்த ஒரே கயிறு அந்தக் காலரு. அத வெட்டி விட்டுட்டு, இது என்ன ஒங்க பஸ்ஸான்னு கேட்டு, ஊரச் சிரிக்க வச்சாளே. அவரு பொண்டாட்டிய அவரு முன்னாடியே சிரிக்க வச்சாளே. இரும்பு வெரல அமுக்கப் போற நேரத்துல நடுவுல ஒரு செருப்புக் காலு வந்து நின்னுச்சு. வீல்சேரு டக்குன்னு நின்னுருச்சு. மேடத்தோட காலு. எப்ப சன்னலோரத்துலருந்து வந்தாங்கன்னு யாருக்கும் தெரியல, காலைலருந்து ஒரு கண்ணு இங்கயேதான் இருந்திருக்கணும். ஜெயசீலன்ட்ட மெதுவாச் சொன்னாங்க, மொதல்ல கை எங்க, காலு எங்கன்னு பாரு, அப்பறம் மூஞ்சியப் பாரு, அதுக்கப்பறந்தான் தூக்கணும். வீரா பக்கம் திரும்புனாங்க. தொங்குன கையக் கீழருந்து ஏந்தி எடுத்து மடில வச்சாங்க, தச்சரோட கைய ஏந்துன மாதிரியே. சூடா இருந்துச்சு உள்ளங்கை. ஒரு வார்த்தை திட்டிருக்கலாம். புரிஞ்சுதான்னு ஒரு நக்கல் பண்ணிருக்கலாம், வீராவா இருந்தா பண்ணிருப்பா. பண்ணல. வீராவுக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது, தொடைக்க இடது கை வரல, கைப்பிடியவே புடிச்சுக்கிட்டிருக்கு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ. இது இத்தன நாளா எங்கயோ பம்மிக்கிட்டிருந்த பயம், இப்ப நேரா முன்னாடி வந்து ஒக்காந்துருச்சு. மத்த பயத்தையெல்லாம் திட்டியே தொரத்திருக்கா.

தவமணி ஐயா வந்துட்டாரு. பூங்கோதையம்மா வீல்சேரத் தள்ளிக்கிட்டு வருது, அவரு புதுச் சட்ட போட்டிருக்காரு, கணுக்கால்ல வெள்ளக் கட்டு. மேடம் குனிஞ்சு வீராவோட மணல் பட்டிங்கள அவுத்தாங்க. முடிஞ்சுச்சு, போயி ஐயாவ எழுப்பு, கம்பிக்கு வெளிய நடக்க வை, நீதான்னாங்க. நீதான். இதுக்குத்தான காலைலருந்து. காலு மரத்துப்போயி நடக்கவே வரல வீராவுக்கு, அவரு முன்னாடி போயி நின்னா, நிக்கல, குனிஞ்சு மூஞ்சிக்கு நேரா வந்தா. ஐயான்னா. இத்தன நேரம் அடச்சு வச்சிருந்த வாயி, மொத வார்த்தை இதுதான் வந்துச்சு. நேத்து தப்புப் பண்ணிட்டேன்யா. ஒங்கள நான் பாக்கல. அவரு பாத்தாரு. கோணச் சிரிப்பு வரல. இடது கை இருந்த எடத்துலருந்து மெல்ல நகந்து, மடிக்கு வந்து, செத்துக் கெடந்த வலது கைய எடுத்து மார்போட அணைச்சுக்கிருச்சு. தலை சொவத்துப் பக்கம் திரும்பிருச்சு. போலாம்னாரு சொவத்தப் பாத்து. பூங்கோதையம்மாவுக்குச் சந்தோசம். பாத்தியாத்தா, கோவமெல்லாம் இல்ல, போலாங்கறாரு பாரு, தூக்குத்தா, தூக்குன்னுச்சு. பின்னாடி கூட்டம் காத்துக்கிட்டிருக்கு, மேடத்துக்கும் நேரமாச்சு, அவுங்க நின்ன எடத்துலருந்து அவரு முதுகுதான் தெரியும், ம், ஆரம்பி வீரான்னாங்க. கைய நீட்டுனாப் போதும். அவரு இடுப்புல கட்டுன பெல்ட்டப் புடிச்சுத் தூக்கிட்டா, நடந்துட்டா, எல்லாம் சரியாப் போயிரும், நடக்கறப்ப சிரிச்சுருவாரு, அவளுக்குத் தெரியும், கண்டிப்பாச் சிரிச்சுருவாரு. கை பாதி தூரம் போயிருச்சு. அணைச்சு வச்சிருந்த அந்த வலது கையப் பாத்தா. கை நின்னுருச்சு.

"மேடம், வேணாங்கறாரு."

பூங்கோதையம்மா, இல்லத்தா போலாம்னுதான சொன்னாருன்னுச்சு. அது அவரு சொல்லலம்மா, இது சொல்லுதுன்னு வீரா அந்தக் கையக் காட்டுனா. கொரலு வழக்கம் போல எகிறிருச்சு, சண்டைக்காரி கொரலு, ரூமே திரும்பிப் பாத்துச்சு. என்னய வேணாங்கறாரு மேடம். நீங்க சொன்னாலும் நான் தொட மாட்டேன். அவர்ட்டயே கேளுங்க. சொல்லிட்டா. சொல்லி முடிச்ச ஒடனே தெரிஞ்சது, தன் கைல இருந்தத தானே கீழ போட்டாச்சுன்னு. மேடம் சுத்தி முன்னாடி வந்தாங்க. அவரு மூஞ்சியப் பாத்தாங்க, அந்தக் கையப் பாத்தாங்க. பின்னாடி நின்னுட்டேன், பாக்காமச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க ஐயான்னாங்க. இவ்வளவு பேரு முன்னாடி, ஒரு ஸ்டூடண்ட்டு கத்துனதுக்கு அப்பறம், இவ்வளவு லேசா. முந்துன போஸ்டிங் சாரா இருந்தா இந்நேரம் வராந்தா. யாரு கூட வரணும் ஐயா, காட்டுங்கன்னு கேட்டாங்க. அவரு அவசரப்படல. ஒவ்வொருத்தராப் பாத்தாரு, கண்டக்டரு சீட்டு எண்ணுற மாதிரி. மேடத்தப் பாத்தாரு, தாண்டிட்டாரு. வீராவப் பாத்தாரு, கொஞ்சம் நின்னு, தாண்டிட்டாரு. இடது கை மேல போயி ஜெயசீலனக் காட்டுச்சு. அவனுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஐயய்யோ, நானாங்கற மாதிரி வீராவப் பாக்குறான். போடா, போயி மொதல்ல காலப் பாருன்னா வீரா. நெஞ்சுக்குள்ள எரிஞ்சுச்சு, பொறாமைதான், வேற பேரு வைக்க அவளுக்குத் தெரியல, ஆனா அவன் குனிஞ்சு கையப் பாத்து, காலப் பாத்து, அப்பறம் மூஞ்சியப் பாத்து, போலாமாய்யான்னு பயந்துக்கிட்டே கேட்டப்ப அவளுக்கு அவன் மேல ஒரு மரியாத கூட வந்துச்சு, சனியன். போலாம்னாரு தவமணி ஐயா. எந்திரிச்சாரு. காலு இன்னும் மதமதன்னு இருந்ததால வீரா பழைய வீல்சேர்லயே திரும்ப ஒக்காந்துட்டா. கம்பி முடிஞ்சுச்சு. இடது கை கம்பிய விட்டுச்சு. ஒரு அடி. ஜெயசீலனோட கை அவரு இடுப்புக்குப் பக்கத்துல தொடாம வருது, நல்லா வருது. இன்னொரு அடி. பூங்கோதையம்மா முந்தானைய வாய்ல வச்சுக்கிருச்சு. வலது காலு ஊனுறப்பல்லாம் முட்டி பின்னாடி வெடுக்கு வெடுக்குன்னு போகுது.

மேடம் வீல்சேருக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. அவரையே பாத்துக்கிட்டு, தாழ்ந்த கொரல்ல, ரெண்டு டாக்டருங்க பேசிக்கிற மாதிரி, முட்டி பாத்தியா, தொடைல இன்னும் பலம் வரணும், கம்பம் போனாலும் செய்யச் சொல்லி எழுதிக் குடுக்கணும்னாங்க. ஆமா மேடம்னு சொல்லிருக்கலாம். இன்னைக்கு இவ்வளவு ஆனதுக்கப்பறம் ஆமா மேடம்னு சொல்றதுதான் புத்தி. இல்ல மேடம்னா வீரா. தொடை இல்ல. குதிகால். என்னன்னாங்க. குதிகால் தரைல ஒக்காரவே இல்ல மேடம், ஒரு நூலு தூக்கி நிக்குது, கெண்டச் சதை இழுக்குது, அது இழுக்குறதுலதான் முட்டி பின்னாடி போகுது, தொடைக்கு எவ்வளவு பலம் ஏத்துனாலும் நிக்காது. நான் நேத்து வரைக்கும் தொடைன்னுதான் நெனச்சேன். மேலருந்து பாத்தா தெரியாது மேடம். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா. மேடம் திரும்பி அவளப் பாத்தாங்க. அப்பறம் கோட்டு நுனியச் சுருட்டி மடில போட்டுக்கிட்டு, அத்தன பேரு நடமாடுற எடத்துல, வீல்சேர் சக்கரத்துக்குப் பக்கத்துல, வீராவோட கண்ணு உயரத்துக்குக் குத்தவச்சு ஒக்காந்தாங்க. ஒரு அடி பாத்தாங்க. இன்னொரு அடி பாத்தாங்க. தவமணி ஐயா கதவு வரைக்கும் போயி, ஜெயசீலன் தோளத் தட்டித் திரும்புற வரைக்கும் அந்தக் குதிகால விட்டுக் கண்ண எடுக்கல.

"ஆமா"ன்னாங்க. "குதிகால்தான். இத்தன நாளு நான் பாக்கல. சொல்லு, என்ன பண்ணலாம்?"